முட்டையடி பட்ட வேட்பாளர்

(ராயப்பேட்டையில் ஆற்றிய உரை)

ஆங்கில நாட்டுச் சிற்றூர் நாவல்களுக்கும் ராயப்பேட்டைக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். கேளுங்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். பட்டதாரிகள் தேர்வுக்காகப் படித்து மறந்த ஏடுகளை, மேடைக்காகப் படித்து மறக்க முடியாமல் திண்டாடுபவன்!

ஆந்தணி டிரோலப் என்றொரு நாவலாசிரியர். அஞ்சல் துறையிலே ஊழியம் புரிந்தவர். பாராளுமன்றம் செல்லும் ஆசை கொண்டு 1868இல் பெவர்லி என்னும் ஊரிலே போட்டியிட்டார். நால்வர் நின்றனர், அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம். அங்கே வாக்கு, சந்தைச் சரக்காக விலைபோனது. விசாரணை நடந்தது, 1870இல் பெவர்லி தன் தொகுதி உரிமையையே இழந்தது. தோற்றவர் வீட்டிலே முடங்கவில்லை. கண்டதையெல்லாம் 1871இல் ‘ரால்ஃப் தி ஏர்’ நாவலிலே வேறொரு ஊரின் பெயரால் தீட்டிவிட்டார். மறைவு வாக்குமுறை அந்நாட்டுக்கு வந்ததோ 1872இல்தான். அதுவரை குடியானவன் யாருக்கு வாக்களித்தான் என்பதைப் பண்ணையார் கண்ணாலேயே காணலாம்!

ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரில் எழுதிய மாதரசி, ‘மிடில்மார்ச்’ நாவலிலே புரூக் என்ற கனவானைப் படைத்தார். சீர்திருத்தம் பேசுகிறார் கனவான். அவர் நிலத்துக் குடியானவன் வீடோ இடிந்து கிடக்கிறது. உப்பரிகையில் நின்று உரையாற்றுகிறார். கீழே அவரைப் போலவே ஒரு பொம்மை! அவர் சொன்ன சொல்லையே கிள்ளைக் குரலில் திருப்பிச் சொல்கிறது கூட்டம்! தோளிலே வந்து உடைகிறது முட்டை! நாடகம் எழுதுபவன் நான்; இதைவிடச் சிறந்த காட்சியை என்னால் அமைக்க முடியாது.

நம்மவர் ஆர். கே. நாராயண், ஆங்கிலத்தில் எழுதியவர். ‘லாலி ரோடு’ கதையிலே, விடுதலை பெற்ற வேகத்தில் மால்குடி நகராட்சி தெருப்பெயர்களை மாற்றுகிறது. கடிதங்கள் வழி தவறுகின்றன. வெள்ளையன் சிலையைக் கொடுங்கோலன் சிலையென்று பெயர்த்தெறிகிறது. பிறகல்லவா தெரிகிறது, அவர் வேறொரு லாலி, ஊருக்கு உழைத்த உத்தமர் என்று! இதே நாராயண், 1986இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே குழந்தைகளின் புத்தகப் பையின் கனத்தைப் பற்றிப் பேசினார். டிரோலப்புக்குக் கிட்டாத இருக்கை, வாக்குக் கேட்காமலே இவருக்குக் கிட்டியது.

தமிழிலே? இதே ராயப்பேட்டையில் திரு.வி.க. நடத்திய ‘நவசக்தி’யிலே பணியாற்றிய கல்கி, ‘அலை ஓசை’யில் விடுதலைக் காலத்தையே விரித்துரைத்தார். பெரிய கதை, பெருமைக்குரிய கதை. ஆனால் வார்டுத் தேர்தலின் கதை?

2016 மே திங்களில் பணப் பட்டுவாடாவால் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் நின்றது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரில் நின்றது. பெவர்லி தொகுதியை இழந்தது. நமக்கோ தேதி மட்டுமே மாறியது. இடைப்பட்ட அந்த மாதங்களிலே எந்தக் கதவு தட்டப்பட்டது? பணத்தை வேண்டாமென்று திருப்பியவள் யார்? அண்டை வீட்டார் அவளை என்ன சொன்னார்கள்? அதை எழுதிய நாவலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கண்டவர் கொணர்ந்து காட்டுங்கள், இன்றிரவே படிக்கிறேன்.