ஆரக்கம்பியும் அமானிதமும்





க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் எமது வீடுகள் பலவற்றில் ஒரு கனத்த மௌனம் நிலவுவதுண்டு. அத்தகைய வீடொன்றில் மகன் தயங்கித் தயங்கி வந்து, "வாப்பா, நான் சந்தியிலுள்ள கராஜில் மோட்டார் சைக்கிள் வீல் கட்டும் வேலை பழகப் போகிறேன்" என்று கூறுவதாக வைத்துக்கொள்வோம். "கையில் கிறீஸ் பூசிக்கொண்டு திரியவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்பதே பல தந்தையரின் முதல் மறுமொழியாக இருக்கும். அந்த மறுமொழி நியாயமானதுதானா என்பதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

நபி தாவூத் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் ஆட்சியும் நுபுவ்வத்தும் ஒருங்கே வழங்கப்பட்டவர்கள். அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததாக அல்லாஹ் ஸபஃ அத்தியாயத்தின் 10ஆம், 11ஆம் வசனங்களில் கூறுகிறான். போர்க்கவசங்களைச் செய்யுமாறும், அவற்றின் வளையங்களை உரிய அளவோடு கோக்குமாறும் அவர்கள் அங்கே பணிக்கப்படுகிறார்கள். தமது கை உழைப்பைக் கொண்டே அவர்கள் உண்டு வந்தார்கள் என்பது ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்தாகும். ஒரு நபியின் கரத்துக்கு இழிவாகாத இரும்பு வேலை எமது பிள்ளைகளின் கரத்துக்கு எங்ஙனம் இழிவாகும்?

"அளவோடு கோத்தல்" என்ற அந்தக் கருத்தை மனதில் வைத்துக்கொண்டு, வீல் கட்டும் பாஸ் ஒருவரின் முன்னால் அரை மணி நேரம் அமர்ந்து பாருங்கள். நடுவில் ஹப், சுற்றிலும் றிம். இரண்டையும் இணைப்பவை மெல்லிய ஸ்போக் கம்பிகள். 36 கம்பிகள் கொண்ட சக்கரத்தில் ஹப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் 18 கம்பிகள் அமையும். அவற்றில் 9 முன்னோக்கிச் சாயும். 9 பின்னோக்கிச் சாயும். ஒரு கம்பி தன் துளையை விட்டு அடுத்த துளைக்குள் சென்றாலும் கோப்பு முழுவதும் பிழைத்துவிடும். அனுபவசாலி பழைய சக்கரத்தைக் கழற்றும் முன்னரே, ஹப்புக்கு எந்தப் பக்கமாக எவ்வளவு விலகி றிம் நிற்கிறது என்பதை அளந்து குறித்துக்கொள்வார்.

கம்பிகளைக் கோத்தபின் அவற்றின் முனையிலுள்ள நிப்பிள்களை எல்லாக் கம்பிகளுக்கும் ஒரே அளவாகக் கையால் பூட்டுவார். பின்னர் சாவியால் சிறிது சிறிதாக முறுக்குவார். சக்கரத்தைச் சுழற்றி, மேலும் கீழுமான நெளிவையும் பக்கவாட்டு நெளிவையும் எடுப்பார். பல மோட்டார் சைக்கிள்களின் பழுதுபார்ப்புக் கைநூல்கள் இந்த நெளிவுக்கு 2 மில்லிமீற்றரையே எல்லையாகக் குறிப்பிடுகின்றன. ஒரு பக்கக் கம்பியை இறுக்கினால் அதற்கு எதிர்ப்பக்கக் கம்பியைத் தளர்த்த வேண்டிவரும். அவசரப்பட்டு ஒரே கம்பியை முழுச் சுற்று முறுக்குபவர் ஒரு நெளிவை எடுத்து இரண்டு நெளிவுகளை உண்டாக்குவார். கால் சுற்று, அரைச் சுற்று என்று பொறுமையாகச் செல்பவருக்கே சக்கரம் வசப்படும்.

இளைஞர்களே! இவ்வேலையின் உயிர்நாடி இனித்தான் வருகிறது. இவ்வளவு மெல்லிய கம்பிகள் மனிதனையும் இயந்திரத்தையும் எவ்வாறு சுமக்கின்றன? அவை இழுவிசையோடு இறுகியிருப்பதாலேயே சுமக்கின்றன. சக்கரம் உருளும்போது நிலத்தை நோக்கி வரும் கம்பிகளின் இறுக்கம் சற்றுக் குறைந்து, மேலெழும்போது மீளும். சாதாரண சக்கரமொன்று ஒரு கிலோமீற்றர் தூரத்தில் சுமார் 500 தடவைகள் சுழல்கிறது. தளர்வாகப் பூட்டப்பட்ட கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முற்றாகத் தொய்ந்து மீண்டும் இழுபடும். இறுதியில் ஹப்பருகே வளைந்திருக்கும் இடத்தில் அது களைத்து முறியும். அதன் சுமை அயல் கம்பிகளின் மீது விழும். அவையும் ஒவ்வொன்றாக முறியத் தொடங்கும்.

வண்டியை எடுத்துச் செல்லும் வாடிக்கையாளருக்கு இவை எதுவும் தெரியாது. கம்பி பளபளக்கிறது, சக்கரம் நேராகச் சுழல்கிறது என்பதை மட்டுமே அவர் காண்பார். கம்பிகளைத் தட்டி ஒலியின் ஒற்றுமையைக் கேட்டீர்களா? நிப்பிளுக்கு மேலாக நீண்ட கம்பி முனையை, டியூபைக் குத்தாதவாறு அராவினீர்களா? றிம்மின் உட்பட்டியை விரித்து டயரைப் பூட்டியதும் உங்கள் வேலை மறைந்துவிடுகிறது. அதன்பின் அதை அறிந்தவர்கள் இருவர்: அல்லாஹ்வும் நீங்களும்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் இருந்ததையும், அதை மேலே வைக்காத வியாபாரியைக் கண்டித்து, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததையும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மேலே உலர்ந்த தானியம், உள்ளே ஈரம். மேலே பளபளப்பு, உள்ளே தளர்ந்த கம்பி. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? அந்தச் சக்கரத்தின் மீது ஒரு தந்தை, பின்னால் தாய், நடுவில் பாலகன் என்று ஒரு குடும்பமே செல்லக்கூடும். அவர்களின் உயிர் உங்கள் கையிலுள்ள அமானிதம். கூலியை வாங்கிக்கொண்டு அந்த அமானிதத்தைப் பாழ்படுத்தினால், அந்தச் சம்பாத்தியத்தில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

ஆகவே, பழகும் காலத்திலேயே சில ஒழுக்கங்களைப் பற்றிக்கொள்ளுங்கள். அளந்ததை எழுதி வையுங்கள். தெரியாததை உஸ்தாதிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். பிழைத்துவிட்டால் மறைக்காமல் கழற்றி மீண்டும் கோருங்கள். புதிய சக்கரம் சிறிது தூரம் ஓடியபின் கம்பிகள் தளரலாம். வண்டியை மீண்டும் கொண்டுவரச் சொல்லிச் சோதித்துக் கொடுங்கள். வார்ப்பு அலோய் சக்கரங்கள் பெருகிவிட்ட காலம் இது. எனவே வீல் கட்டுவதோடு நின்றுவிடாது பெயாரிங், பிறேக், டயர் வேலைகளையும் சேர்த்துப் பழகுங்கள்.

பெற்றோர்களே! எமது நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயமானது. அதற்கு முன் பிள்ளையைக் கராஜுக்கு அனுப்புவது அவனுக்குச் செய்யும் அநீதி. அதன்பின் அவன் விரும்பிச் சென்றால் தடுக்காதீர்கள். நேர்மையான பாஸ் ஒருவரைத் தேடிக் கொடுங்கள். என்.வி.கியூ. எனப்படும் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறும் வழியையும் விசாரியுங்கள். கராஜில் பெற்ற அனுபவத்தையே மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறையும் அதில் உண்டு. மாலையில் கறுத்த கைகளோடு வரும் மகனைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். "இன்று எத்தனை வீல் கட்டினாய்?" என்று கேட்பதோடு, "எல்லாக் கம்பியையும் தட்டிப் பார்த்தாயா?" என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வி அவனை நல்ல தொழிலாளியாகவும் நல்ல முஸ்லிமாகவும் வளர்க்கும்.

யா அல்லாஹ்! எமது பிள்ளைகளின் கரங்களுக்குத் திறமையையும், உள்ளங்களுக்கு அமானிதத்தையும், உழைப்புக்கு ஹலாலான பரக்கத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.