லயத்துக்குள் இருப்பவர்களையும் கணக்கில் எடுப்போம்

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான மாவட்டக் கூட்டத்தில் நமது சங்கத்தின் நலன்புரிப் பொறுப்பாளர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இந்த மண்டபம் கொள்ளாது. இன்றைக்கு மாற்றுத்திறனாளிகளையும் மனநோயையும் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொல்லித்தான் கூப்பிட்டோம். அதற்கும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். சந்தோஷம்.

2012 ஆம் ஆண்டு சனத்தொகைக் கணக்கெடுப்பில், இந்த நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்குப் பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவில் வைத்துக்கொள்வதில் என்று ஏதாவது ஒரு சிரமம் இருப்பதாகத் தெரிய வந்தது. ஏறத்தாழ 16 இலட்சம் பேர். அவர்களில் நம்முடைய ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் சங்கக் கூட்டத்தில் அவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? லயத்தின் கடைசிக் காம்பராவில், கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள். சந்தாப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அதனால் நம்முடைய கோரிக்கைப் பட்டியலிலும் இல்லாமல் போய்விட்டார்கள்.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. வருமானம் குறைந்த குடும்பத்தில் உள்ள மாற்றுத்திறனாளிக்கு அரசாங்கம் மாதாந்தக் கொடுப்பனவு கொடுக்கிறது. நீண்ட காலம் 5,000 ரூபாவாக இருந்தது. 2024 இல் 7,500 ஆக்கினார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ஆக உயர்த்தினார்கள். சிறுநீரக நோயாளர்களுக்கும் அப்படியே. வருமானம் குறைந்த முதியோருக்கான கொடுப்பனவு 3,000 இலிருந்து 5,000 ஆனது. இதற்கு ஓட வேண்டிய இடம் பிரதேச செயலகம். கிராம உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும்தான் வழி. தொரையிடம் கையொப்பம் வாங்க அலைய வேண்டிய விஷயமே இல்லை இது.

பிறகு ஏன் நம் ஆட்களில் பலருக்கு இது கிடைப்பதில்லை? பெரும்பாலும் கடதாசிதான் காரணம். அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயதானபோது அடையாள அட்டை எடுக்கவில்லை. “அவன் எங்க போகப் போறான், அவனுக்கு எதுக்கு ஐடென்டி” என்று விட்டுவிட்டோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் வேறொரு பெயர், தகப்பன் பெயரில் எழுத்துப் பிழை. வங்கிக் கணக்குத் திறக்கப் போனால் கையொப்பம் வைக்கத் தெரியாது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். 2023 இல் அஸ்வெசும கணக்கெடுப்புக்கு வந்தபோது, ஒரே காம்பராவில் இரண்டு மூன்று குடும்பம் இருந்தும் ஒரே வீடாகப் பதிந்துவிட்டுப் போனதாக எத்தனையோ தோட்டங்களிலிருந்து நமக்கு முறைப்பாடு வந்தது.

இதில் தலைவர்மாருக்கு வேலை இருக்கிறது. யாராவது விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். தமிழில் எழுதி, தமிழில் பதில் பெறும் உரிமை நமது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. எழுத்தில் காரணம் கையில் இருந்தால்தான் மேன்முறையீடு செய்ய முடியும். “இல்லன்னு சொல்லிட்டாங்க” என்று வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த விண்ணப்பம் அத்தோடு செத்தது.

அடுத்தது வேலையில் காயப்பட்டு அங்கவீனமானவர்கள். தொழிற்சாலையில் ரோலருக்குள் கை போனவர்கள், மழைக்காலத்தில் மலையில் சறுக்கி இடுப்பு உடைந்தவர்கள், குளவி கொட்டிச் சீரழிந்தவர்கள். இவர்களுக்கு 1934 ஆம் ஆண்டிலிருந்தே வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. 2022 இல் அதைத் திருத்தி, அதிகபட்ச நட்டஈட்டை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும் நடக்கும் விபத்துகளையும் அதற்குள் சேர்த்தார்கள். கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போகும் ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் நட்டஈடு தானாக வராது. விபத்து நடந்த அன்றே தோட்டத்துப் பதிவில் எழுத வேண்டும். டிஸ்பென்சரியில் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் “எப்படி அடிபட்டது” என்று கேட்டால், வேலையில் அடிபட்டது என்றே சொல்ல வேண்டும். வீட்டில் விழுந்தேன் என்று சொல்லச் சொல்வார்கள், சொல்லாதீர்கள். கையில் கொஞ்சம் காசைக் கொடுத்து, லேசான வேலை தருகிறோம் என்று ஒரு கடதாசியில் கைநாட்டு வாங்கிய சம்பவம் நமக்கு வந்திருக்கிறது. எந்தத் தோட்டம் என்று இங்கே சொல்ல வேண்டாம். வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையொப்பம் வைக்காதீர்கள், தலைவரைக் கூப்பிடுங்கள். இனி வேலை செய்யவே முடியாது என்று வைத்தியர் நிரந்தரமாகச் சான்று கொடுத்தால், ஐம்பது, ஐம்பத்தைந்து வயது வரும் வரைக்கும் காத்திருக்காமல் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். அதுவும் பலருக்குத் தெரியாது.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அங்கவீனத்தைக் காரணம் காட்டி வேலைக்குச் சேர்க்க மறுக்கவோ, பாடசாலையில் சேர்க்க மறுக்கவோ முடியாது என்று அது சொல்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றம் வரைக்கும் போகலாம். அதற்கும் முன்பே, 1988 இல், அரச வேலைகளில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று சுற்றறிக்கை வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் சமவாயத்தில் 2007 இல் கையெழுத்து வைத்து, 2016 இல் ஏற்றுக்கொண்டோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்தச் சட்டத்துக்குப் பல் குறைவு. அந்த 3 வீதம் அரசாங்கத்துக்குத்தான், கம்பனிக்கு இல்லை. ஆகவே கம்பனியிடம் நாம்தான் கேட்க வேண்டும். கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் இதை ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று நான் சங்கத் தலைமையிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். ஒரு கால் இல்லாதவர் மலையில் கொழுந்து பறிக்க முடியாமல் இருக்கலாம். தவரணையில் உறைக்கு மண் போட முடியாதா? கொழுந்து நிறுக்கிற இடத்தில் எழுத முடியாதா? முழுப் பேர் போட்டுக் கொடுக்கக்கூடிய வேலைகள் தோட்டத்தில் இருக்கின்றன.

வீட்டு விஷயம் ஒன்று. சக்கர நாற்காலி இலவசமாகக் கிடைக்கிறது என்று வாங்கிக் கொடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். அது லயத்து வாசல் படியைத் தாண்டாது. படி, அதற்கப்பால் கான், கானைத் தாண்டி ஏற்றம். மலசலகூடம் இன்னொரு பக்கம். கடைசியில் அந்த நாற்காலியில் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள். குற்றம் சொல்லிப் பயனில்லை, வேறு என்ன செய்வார்கள்? இப்போது இந்திய வீடமைப்புத் திட்டத்தில் முதலில் 4,000, பிறகு 10,000 என்று தனி வீடுகள் வருகின்றன. பயனாளிப் பட்டியல் தயாரிக்கும்போதே, அந்தக் குடும்பத்தில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்று எழுதிக் கொடுங்கள். அத்திவாரம் போடும்போது சாய்தளம் கேட்டால் ஒரு சில மூட்டை சீமெந்தோடு முடியும். வீடு முடிந்த பிறகு கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாதை, படிக்கட்டுக்குப் பிரதேச சபையிடமும் போகலாம். 2018 இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, தோட்டத்துக்குள் வேலை செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று அவர்கள் சொல்ல முடியாது.

இனி மனநோய்க்கு வருகிறேன். இதைப் பேசும்போது சிலர் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். குனிய வேண்டாம். நீரிழிவு, பிரஷர் மாதிரி இதுவும் மருந்துக்குக் கட்டுப்படும் நோய். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் நடக்கிறது. அங்கொடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்ற காலம் போய்விட்டது. சாமி பார்க்கிறீர்கள், மந்திரிக்கிறீர்கள், நூல் கட்டுகிறீர்கள். செய்யுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு நூல் கட்டாதீர்கள். “இப்ப நல்லாத்தானே இருக்கான்” என்று மருந்தை நிறுத்தும் மாதத்தில்தான் மறுபடியும் வருகிறது. நல்லா இருப்பது மருந்தினால்தான். வலிப்புக்கும் இதே கதை. கையில் சாவியைக் கொடுப்பதால் வலிப்பு நிற்காது. பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் விடுங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 1990 க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

தற்கொலையைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். 1995 இல் இந்த நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகத்திலேயே மிகக் கூடிய எண்ணிக்கைகளில் அதுவும் ஒன்று. பிறகு ஆபத்தான நாசினிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் மனிதன் பிழைத்துக்கொள்கிறான். தோட்டத்து ஸ்டோரில் மருந்து பூட்டி வைத்திருக்கிறதா, வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கியது அடுப்படியில் கிடக்கிறதா என்று பார்ப்பது தலைவரின் வேலையும்தான். யாராவது “எனக்கு வாழப் பிடிக்கல” என்று சொன்னால் நடிப்பு என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் இரவு பகலாகப் பேசுவார்கள், தமிழிலும் பேசலாம். பொலிசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப் பிரிவை 1998 இலேயே நீக்கிவிட்டார்கள். உயிர் பிழைத்தவரை யாரும் சிறையில் போட முடியாது.

வைத்திய உதவியாளர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மனநலத்துக்கு 2020 முதல் 2030 வரைக்குமான தேசியக் கொள்கை இருக்கிறது. ஆனால் கையாளும் சட்டம் 1873 ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்டது. புதியது வரும் வரும் என்று பல வருடமாகச் சொல்கிறார்கள். அதுவரைக்கும் லயத்துக்குள் நுழைந்து பார்க்கிறவர்கள் நீங்கள்தான். பிள்ளை பெற்ற தாய் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், கூப்பிட்டால் திரும்பாத குழந்தையைக் கண்டால், “சரியாயிடும்” என்று விடாமல் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுங்கள்.

இவர்களைப் பார்த்துக்கொள்வது யார்? பெண்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி, நோயாளியைக் கழுவி, சாப்பாடு கொடுத்து, ஏழு மணிக்கு மலையில் நிற்க வேண்டும். கிளினிக் நாளில் வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. பஸ்ஸில் ஏற்ற முடியாத நோயாளி என்றால் முச்சக்கர வண்டிக்குக் காசு. அந்த 10,000 எங்கே போகிறது என்று பாருங்கள். மாதத்தில் ஒரு கிளினிக் நாளுக்காவது அவளுக்குச் சம்பளத்தோடு லீவு கேட்க வேண்டும். இதையும் அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்போது வேலை. ஒவ்வொரு டிவிசனிலும் தலைவரும் தலைவியும் சேர்ந்து, லயம் லயமாகப் போய் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். பெயர், வயது, என்ன சிரமம், அடையாள அட்டை இருக்கிறதா, கொடுப்பனவு வருகிறதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள். மனநோய் உள்ளவர்களின் விபரத்தை மட்டும் எல்லாருக்கும் காட்டாதீர்கள், வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பி வர வேண்டும். தேநீருக்குப் பிறகு பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் பேசுவார். விண்ணப்பப் படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. வீட்டில் ஆள் இருப்பவர்கள் இன்றைக்கே நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம், எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நமது இளைஞர் அணி உட்கார்ந்திருக்கிறது.