ஒப்பிலக்கிய ஆய்வும் நம் மாணவரும்



ஒப்பிலக்கியம் பயிலும் நம் முதுகலை மாணவர், ஆய்வுக்கு எதனை எடுப்பது என வினவுகின்றனர். கம்பரை மில்டனோடு ஒப்பிட்டார் வ. வே. சு. ஐயர். நாம் தன்வரலாறுகளை ஒப்பிடுவோம்.

1845-இல் வெளிவந்த அமெரிக்கர் பிரடெரிக் டக்ளசின் நூலில், அடிமைச் சிறுவன் எழுத்துக் கற்பதை உடைமையாளன் தடுக்கிறான். 1997-இல் இந்தியில் வந்த ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' நூலிலோ, பள்ளியில் சேர்ந்த சிறுவனைத் தலைமையாசிரியர் பெருக்கச் செய்கிறார். தந்தை அத்துடைப்பத்தைப் பறித்து எறிகிறார். அங்கே கல்வியின் வாயில் அடைக்கப்பட்டது. இங்கே உள்ளே விட்டும் இழிவு தொடர்ந்தது. இரண்டும் ஒன்றெனக் கூறுதல் ஆய்வாகாது. வேற்றுமைக்குக் காரணம் காண்பதே ஆய்வு. பாமாவின் 'கருக்கு' (1992) நூலையும் உடன்வைத்துப் பயில்வோம்.

துடைப்பத்தைப் பறித்தெறிந்த தந்தையரின் பிள்ளைகள் நாம். பிறர் நம்மை ஆராய்ந்தது போதும். இனி நாமே ஆராய்வோம்.