பாதியில் நின்ற பதிவு

சில ஆண்டுகளுக்கு முன், கிராண்ட்பாஸில் ஒரு வீட்டினர் தொலைக்காட்சியில் வந்த நடன நிகழ்ச்சியைக் கணினியிற் பதிந்தனர். ஒன்றரை மணி நேரம் கடந்ததும் பதிவு தானே நின்றது. அவ்வீட்டு மகள் மேடையேறியதோ அதன் பின்னர்!

தந்தையார் அன்டெனாவைப் பழித்தார். தமையன் மென்பொருளைப் பழித்தான். இரண்டும் குற்றமற்றவை, நேயர்களே. வன்தட்டு எப்.ஏ.டி.32 முறையில் அமைந்திருந்தது. தட்டில் எவ்வளவு இடமிருப்பினும், தனிக்கோப்பொன்று 4 கிகாபைட்டை எட்ட அம்முறை இடந்தராது. வினாடிக்கு 6 மெகாபிட் வீதம் பதிந்தால், ஏறத்தாழ 95 நிமிடத்தில் அவ்வெல்லை வந்துவிடும்.

என்.டி.எப்.எஸ். முறைக்கு மாற்றின் இத்தடை நீங்கும். தட்டைப் புதிதாக வடிவமைத்தாலோ உள்ளவை யாவும் அழியும். விண்டோஸின் 'கன்வர்ட்' கட்டளை அவற்றை அழிக்காமலே மாற்றும். ஆயினும் முன்னதாகப் படியெடுத்தல் நன்று.

மறு ஒளிபரப்பு அறிவிக்கப்பட்ட அன்றே, மகள் அவ்வேலையைத் தானே செய்து முடித்தாள்.