வறுமைக் காப்பும் செல்வச் சமன்பாடும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தரித்திரத்தைத் தடுப்பது வேறு. செல்வத்தைச் சமமாக்குவது வேறு. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இல் தொழிலாளர்க்கு நோய்க் காப்பும், 1889-இல் முதுமைக் காப்பும் சட்டமாக்கினார். சமதர்மக் கட்சியின் செல்வாக்கை ஒடுக்குவதே அவர் நோக்கம். தனவந்தர் உடைமையை அவர் தீண்டினாரல்லர்.

சுவீடன் தேசம் 1913-இல் ஏறக்குறைய ஜனங்கள் அனைவர்க்கும் முதுமை ஊதியம் விதித்தது. இன்று அங்கே வருமான வேற்றுமை குறைவு. ஐசுவரியமோ சிலரிடமே திரண்டு நிற்கிறது. முதுமைக்கு அரசு பொறுப்பேற்பதால் எளியோர் தனியே பொருள் சேர்ப்பது குறைகிறதென்பர் அறிஞர். வாரிசு வரியை 2004-இலும், செல்வ வரியை 2007-இலும் அத்தேசம் ஒழித்தும் விட்டது.

ஆதலின் நாம் உணரத்தக்கது யாதெனில், ஆதரவற்ற விதவைக்குப் படியளந்தால் அவள் பசி தீரும். அவள் மகனுக்குக் கல்வியும் கைம்முதலும் கிட்டினாலன்றி ஏற்றத்தாழ்வு தீராது. இரண்டினையும் நாடுவோமாக.