கையெழுத்துப் போடாதே!

(கும்மிடிப்பூண்டியில் ஆலைத் தொழிலாளர்களும் ஐ.டி. ஊழியர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே! தாய்மார்களே! சிப்காட்டில் பகல் ஷிப்ட் முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கைகால்கூடக் கழுவாமல் நேரே இங்கே வந்து நிற்கிற தம்பிகளே! பின்வரிசையில் பைக் மேல் உட்கார்ந்துகொண்டு, கம்பெனி அடையாள அட்டையைச் சட்டைக்குள் தள்ளி ஒளித்து வைத்திருக்கிற ஐ.டி. பிள்ளைகளே! (சிரிப்பு)

நான் வழக்கமாக இந்த மேடையில் ரோலிங் மில்லைப் பற்றிப் பேசுகிறவன். ஃபர்னஸ் வெடித்தது, கான்ட்ராக்டர் பி.எஃப். கட்டவில்லை, ஓ.டி. காசு தரவில்லை, இதுதான் என் பேச்சு. இன்றைக்கு கம்ப்யூட்டர் கம்பெனியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஏன் என்று கேளுங்கள்.

கவரப்பேட்டைப் பக்கம் ஒரு மில் தொழிலாளியின் மகள். அந்தத் தெருவுக்கே முதல் இன்ஜினியர். பெயரைச் சொல்ல மாட்டேன், கம்பெனியையும் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு அடுத்த வேலை கிடைத்தாக வேண்டும். பன்னிரண்டு வருட சர்வீஸ். விடிவதற்கு முன்னால் யூனிட் ரயிலைப் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு ரயில், அப்புறம் பஸ். ஒரு நாள் மத்தியானம், "சின்ன டிஸ்கஷன், வாங்க" என்று கூப்பிடுகிறார்கள். அறைக்குள் ஹெச்.ஆர். ஆட்கள் இரண்டு பேர். செல்போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். லேப்டாப்பை அவள் பக்கம் திருப்புகிறார்கள். ராஜினாமாக் கடிதம் தயாராக அடித்து வைத்திருக்கிறது. "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்."

அந்தப் பிள்ளைக்கு என்னய்யா சொந்தக் காரணம்? வீட்டுக் கடன் ஒரு சொந்தக் காரணம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் இன்னொரு சொந்தக் காரணம். இரண்டும் வேலையில் இருப்பதற்கான காரணம்! (கைதட்டல்)

போட மாட்டேன் என்றால்? "டெர்மினேட் பண்ணுவோம். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வராது. வேறு எந்தக் கம்பெனியும் உன்னை எடுக்காது." பயந்துபோய்ப் போட்டுவிட்டாள். வெளியே வந்து அட்டையைக் காட்டினால் கதவு திறக்கவில்லை. டிபன் பாக்ஸ் உள்ளே மேஜை மேல் இருக்கிறது. செக்யூரிட்டி போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

அவள் அப்பா என்னிடம் சொன்னார்: "எனக்கு கான்ட்ராக்டர் கேட் பாஸைப் பிடுங்கினப்போ நான் நடுரோட்டுல நின்னு கத்தினேன். இவ கத்தக்கூட இல்லீங்க." அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

விரட்டியது அவன். கையெழுத்து மட்டும் உன்னுடையதா?

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். அறிவித்தது: மொத்த ஊழியர்களில் 2 சதவீதம், 12 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை அனுப்பப்போகிறோம், பெரும்பாலும் இடைநிலை, மேல்நிலை ஆட்கள். ஜூன் கடைசியில் 6 லட்சத்து 13 ஆயிரம் பேர் இருந்த கம்பெனி, செப்டம்பர் கடைசியில் 5 லட்சத்து 93 ஆயிரம். மூன்றே மாதத்தில் கிட்டத்தட்ட 20 ஆயிரம் பேர் குறைந்துவிட்டார்கள். அதற்கு முந்தைய நிதியாண்டில் அந்தக் கம்பெனியின் லாபம் 48 ஆயிரம் கோடிக்கு மேல். நஷ்டத்தில் ஆள் குறைத்தால் அழுதுகொண்டே குறைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 48 ஆயிரம் கோடியைக் கையில் வைத்துக்கொண்டு குறைத்தால் அதை என்னவென்று சொல்வது?

கேட்டால் "ஏ.ஐ. வந்துவிட்டது, நாங்கள் என்ன செய்ய?" என்கிறார்கள். ஏ.ஐ. தானாக 114-ஆம் நம்பர் பஸ் ஏறி வந்து மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்ட மாதிரி! (சிரிப்பு) டி.சி.எஸ். தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசனே இது ஏ.ஐ.யால் வந்ததில்லை என்று சொல்லிவிட்டார். திறமை பொருந்தவில்லையாம். 15 வருடம் பொருந்திய திறமை ஒரு மத்தியானத்தில் பொருந்தாமல் போய்விடுமா? புதுசாகக் கற்றுக்கொடுக்க வேண்டியது யார் வேலை? மில்லில் புது மெஷின் வந்தால் ஆபரேட்டருக்குப் பழக்கிவிடுவானா, பழைய மெஷினோடு சேர்த்து ஆபரேட்டரையும் எடைக்குப் போடுவானா?

சரி, இந்த ஐ.டி. வேலை என்பது என்ன என்று நம் மில் தோழர்களுக்குச் சொல்கிறேன். பெரிய மாயம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ஒரு பேங்க், ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. அவர்களுக்கு ஆள் வேண்டும். நம் ஊர்க் கம்பெனி ஆளைக் காட்டி மணிக்கு இவ்வளவு என்று ரேட் பேசுகிறது. மணிக்கு 20 டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 160 மணி நேரம், 3,200 டாலர். டாலரை 85 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 2 லட்சத்து 72 ஆயிரம். புதுசாகச் சேர்ந்த பிள்ளை கையில் வாங்குவது 25 ஆயிரம். "கட்டடம் இருக்கிறது, ஏ.சி. இருக்கிறது, பஸ் விடுகிறோம்" என்பார்கள். மிச்சம் 2 லட்சத்து 47 ஆயிரத்துக்கும் ஏ.சி.யா ஓடுகிறது? மனிதன் உறைந்து போய்விட மாட்டானா? (பலத்த சிரிப்பு)

இதைத்தானே நம் கான்ட்ராக்டர் செய்கிறான்! மில்லில் தலைக்கு ஒரு ரேட் பேசி, நம் கையில் ஒரு ரேட் கொடுக்கிறான். அவனுக்கு மீசை இருக்கிறது, இவனுக்குக் கோட்டு இருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

சம்பளத்தைப் பாருங்கள். 2010 வாக்கில் பெரிய கம்பெனிகளில் புதுப் பிள்ளைக்கு வருடம் 3 லட்சத்துச் சொச்சம். இன்றைக்கும் அதே 3 லட்சத்துச் சொச்சம்! அன்றைக்கு ஒரு பவுன் 15 ஆயிரத்தைச் சுற்றி. 2025-இலேயே 90 ஆயிரத்தைத் தாண்டிப் போய்விட்டது. 1994-இல் இதே சென்னையில் தொடங்கிய காக்னிசன்ட், 2024-இல் இன்ஜினியரிங் அல்லாத பட்டதாரிகளுக்கு வருடத்துக்கு 2 லட்சத்து 52 ஆயிரம் என்று விளம்பரம் செய்தது. மாதம் 21 ஆயிரம். அதில் வேளச்சேரியில் ரூம் வாடகை கொடு, சாப்பிடு, கல்விக் கடன் கட்டு, அம்மாவுக்கும் அனுப்பு. காலேஜில் சேர்க்கும்போது "பிளேஸ்மென்ட்" என்று எத்தனை பேனர் கட்டினார்கள்! இந்த ஜி.என்.டி. ரோட்டில் பேனர் இல்லாத போஸ்ட்டுக் கம்பம் உண்டா?

ஏன் சம்பளம் ஏறவில்லை? வேலையைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டான். ஒவ்வொரு துண்டும் ஒரு டிக்கெட். இவ்வளவு நேரத்தில் முடி, அடுத்த டிக்கெட்டை எடு. எவரை எடுத்து எந்த நாற்காலியில் வைத்தாலும் ஓட வேண்டும் என்று ஏற்பாடு. போகிற அன்றைக்கு "கே.டி. கொடுத்துட்டுப் போ" என்பான். பன்னிரண்டு வருடம் மண்டையில் சேர்த்ததை வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போ என்று அர்த்தம்.

இந்த அக்கிரமம் நமக்குத்தான் முதலில் நடந்தது என்று நினைக்காதீர்கள். புளோரிடாவில் டிஸ்னி கம்பெனி, 2015 தொடக்கத்தில், சுமார் 250 கம்ப்யூட்டர் ஊழியர்களை வெளியே அனுப்பியது. அதற்கு முன்னால் அவர்களைக் கொண்டே, அவுட்சோர்சிங் கம்பெனிகள் அனுப்பிய நம் நாட்டு ஆட்களுக்குப் பழக்கிவிடச் சொன்னது. அந்த அமெரிக்கத் தொழிலாளி என்ன பாவம் செய்தான்? அவன் இடத்துக்குப் போன நம் பிள்ளைதான் என்ன பாவம் செய்தான்? "அமெரிக்கன் வேலையை நாம ஜெயிச்சுட்டோம்" என்று இங்கே சிலர் மார் தட்டினார்கள். நாம் ஜெயிக்கவில்லை, தோழர்களே. முதலாளி ஒருவனைக் காட்டி இன்னொருவனுக்கு விலை குறைத்தான். இங்கே சிப்காட்டில் பீகார் தம்பியைக் காட்டி நம் ஊர்க்காரனுக்குக் கூலி குறைக்கிறான் பாருங்கள், அதே வேலை. பீகார் தம்பி மேல் கல்லெறியாதே. கூலியைக் குறைத்தவன் கையைப் பிடி. (கைதட்டல்)

2025 செப்டம்பரில் டிரம்ப் வேறு, அமெரிக்க வேலைக்கான புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார். அங்கேயும் போக முடியாது, இங்கேயும் இருக்க விட மாட்டான்.

இங்கே நடப்பதைப் பாருங்கள்: டி.சி.எஸ். 2025 ஜூனில் ஒரு விதி போட்டது. வருடத்தில் 225 வேலை நாள் நீ வாடிக்கையாளரிடம் காசு வசூலிக்கிற வேலையில் இருந்தாக வேண்டும். புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் 35 நாளுக்கு மேல் உட்காரக் கூடாது. புராஜெக்ட் பிடித்துக்கொண்டு வர வேண்டியது புரோகிராம் எழுதுகிற பிள்ளையா? கரண்ட் இல்லாமல் மில் நின்றால் நமக்குக் கூலி இல்லை என்கிறானே, அந்தக் கணக்கு ஏ.சி. அறைக்குள்ளேயும் போய்விட்டது.

உபதேசம் செய்கிறவர்களையும் பாருங்கள். நாராயணமூர்த்தி 2023-இல் வாரம் 70 மணி நேரம் உழை என்றார். நம் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம் வைத்திருக்கிற எல் அண்ட் டி கம்பெனியின் தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார். வீட்டில் எவ்வளவு நேரம் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று கேட்டார். அய்யா, எங்கள் வீட்டில் எங்களுக்குப் பார்க்க முகம் இருக்கிறது. பார்க்கத்தான் நேரம் இல்லை! (பலத்த கைதட்டல்) அவர் சம்பளம் அவர் கம்பெனி ஊழியரின் இடைநிலைச் சம்பளத்தைப் போல 500 மடங்குக்கு மேல். 500 மடங்கு வாங்குகிறவர் 500 மணி நேரம் உழைக்கட்டும். அப்புறம் எங்களுக்கு வகுப்பெடுக்கட்டும்.

அந்த 70 மணி நேரக்காரர் தொடங்கிய இன்ஃபோசிஸ் என்ன செய்தது? 2022-இல் வேலைக் கடிதம் வாங்கிய பிள்ளைகளை இரண்டு வருடத்துக்கு மேல் காக்க வைத்தது. 2024 கடைசியில் சேர்த்தது. 2025 பிப்ரவரியில் மைசூரில் தேர்வில் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்டவர்களை அனுப்பியது. அன்றே சாயங்காலத்துக்குள் இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள் என்று அந்தப் பிள்ளைகள் புகார் சொன்னார்கள். வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கச் சொன்னவர்கள், வருடக்கணக்கில் காத்திருந்தவனுக்கு இன்னொரு நாள் தங்க இடம் கொடுக்கக் கூடாதா!

மறுபடி கையெழுத்துக்கு வருகிறேன். ஏன் அந்தக் கையெழுத்துக்கு அவ்வளவு அலைகிறான்? கவனமாகக் கேளுங்கள். ஆள் குறைக்க வேண்டுமென்றால் சட்டம் ஒரு மாத நோட்டீஸ் கேட்கிறது. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு கேட்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்கிறது. 1947-ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்குக் கொண்டுவந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இவர்கள் விரட்டுவதோ 12 வருடம், 15 வருடம் ஆனவர்களை! சட்டப்படி போனால் சிக்கிக்கொள்வான். நீயே விலகினாய் என்று எழுதி வாங்கிவிட்டால் நோட்டீஸ் இல்லை, இழப்பீடு இல்லை, வரிசை இல்லை, கேள்வி இல்லை. அந்த ஒரு கையெழுத்து அவனுக்கு லட்சங்கள். விரட்டியது அவன், கையெழுத்து மட்டும் உன்னுடையதா?

"ஐ.டி.க்காரனுக்கு ஏது தொழிலாளர் சட்டம்?" என்று சிரிக்கிறவன் வாயை மூட இரண்டு சேதி. 2015 ஜனவரியில், டி.சி.எஸ். வேலையை விட்டு அனுப்பிய ஒரு கர்ப்பிணிப் பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது. கம்பெனி நீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றது. 2016-இல் தமிழக அரசே எழுத்தில் சொன்னது: ஐ.டி. கம்பெனிகளுக்கு விலக்கு கிடையாது, ஊழியர்கள் சங்கம் வைக்கலாம். "நீ லீட், நீ மேனேஜர்" என்று பட்டம் கட்டினாலும் பயப்படாதே. கோர்ட் பட்டத்தைப் பார்க்காது, நீ தினமும் செய்கிற வேலையைப் பார்க்கும்.

ஆனால் புதிய தொகுப்பு நம் மில்லுக்கு ஆப்பு வைத்திருக்கிறது. 100 பேர் வேலை செய்கிற ஆலை என்றால் ஆள்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்று இருந்தது. இப்போது 300. கும்மிடிப்பூண்டியில் 150 பேர், 200 பேர் வேலை செய்கிற ஆலை எத்தனை, விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அந்த ஆலையெல்லாம் இனிமேல் எவரையும் கேட்க வேண்டியதில்லை.

எதிர்த்தால் நடக்குமா என்கிறீர்களா? 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலை மசோதாவை நிறைவேற்றினார்கள். சங்கங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. மே தினத்தன்று திரும்பப் பெறுகிறோம் என்று முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள்!

நம் மாவட்டத்தில் பட்டாபிராமில் 330 கோடி செலவில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறந்தார்கள். வரட்டும், நம் பிள்ளைகள் ஓ.எம்.ஆர். வரைக்கும் ஓட வேண்டாம். ஆனால் அந்த 21 மாடிக்கும் தொழிலாளர் துறை அதிகாரி ஏறிப் போய் எத்தனை பேரிடம் ராஜினாமா எழுதி வாங்கினாய் என்று கணக்குக் கேட்க வேண்டும். அரசு இடம் கொடுக்கிறது, கேட்கிற உரிமை அரசுக்கு இருக்கிறது. இதுதான் நம் கோரிக்கை. திங்கட்கிழமை மனு கொடுக்கிறோம்.

ஐ.டி. பிள்ளைகளே, நாளைக்கே உங்களைக் கூப்பிடுவார்கள். அறைக்குள் போனதும் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "எதுவாக இருந்தாலும் மெயிலில் எழுத்தாகக் கொடுங்கள்." அழ வேண்டாம், சண்டை போட வேண்டாம். எழுந்து வந்து, யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அன்றே உங்கள் சொந்த மெயிலுக்கு எழுதி அனுப்பிவையுங்கள். அப்புறம் எங்களுக்கு போன் போடுங்கள். ஏற்கெனவே மிரட்டலில் போட்டுவிட்டவர்களும் வாருங்கள். மிரட்டி வாங்கிய கையெழுத்தை எதிர்த்துக் கேட்கலாம். மேடைக்கு இடது பக்கம் மேஜை போட்டிருக்கிறோம். சங்கத்தில் சேர மில்லுக்கும் ஐ.டி.க்கும் ஒரே படிவம்தான். பேனா அங்கேயே இருக்கிறது, அந்தக் கையெழுத்தை மட்டும் போடுங்கள். (நீண்ட கைதட்டல்)