கொச்சி காண்மின்!
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

பயணம் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். காசியையும் இமயத்தையும் பற்றிப் பேச வல்லார் இவ்வவையில் பலர் உளர். ஆதலின் யான் தென்கடலோரத்து நகரம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அது கொச்சி. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பங்கள் பல கோயம்புத்தூருடன் நின்றுவிடுகின்றன. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் சில மணி நேரத்தில் எர்ணாகுளம் வந்துவிடும். அங்கே நிலம் முடிந்து நீர் தொடங்குகிறது.

கொச்சி என்பது ஒரே கரையில் அமைந்த ஊரன்று. கிழக்கே எர்ணாகுளம், நடுவே வில்லிங்டன் தீவு, மேற்கே மட்டாஞ்சேரியும் கோட்டைக் கொச்சியும், வடமேற்கே வைப்பின். இவற்றிடையே வேம்பநாட்டுக் காயல் பரந்து கிடந்து, ஒரு குறுகிய வாயில் வழியே அரபிக் கடலைத் தழுவுகிறது. அவ்வாயிலே இந்நகரின் உயிர்.

பண்டைக் காலத்தில் இக்கரையின் பெருந்துறை முசிறி. யவனர் மிளகு கொள்ள அத்துறைக்கு வந்த செய்தியை அகநானூறு கூறும். பின்னர் 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் எழுந்த பெருவெள்ளம் வடக்கே இருந்த துறையை மணலால் தூர்த்தது என்றும், தெற்கே கொச்சி வாயிலைத் திறந்துவிட்டது என்றும் வரலாற்றார் கூறுவர். ஒரு நகரம் வாழ்வதும் வீழ்வதும் சில வேளைகளில் ஆற்றின் போக்கைப் பொறுத்தே அமைகின்றன போலும்!

திறந்த வாயிலிலும் தடை ஒன்று இருந்தது. முகத்துவாரத்தில் மணல்மேடு கிடந்தமையால், பெருங்கப்பல்கள் கடலிலேயே நிற்க, படகுகளே சரக்கை ஏற்றி இறக்கின. 1920இல் கொச்சிக்கு வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் அம்மேட்டை அகழ்ந்தெடுக்கத் துணிந்தார். 1928இல் கப்பல் உட்புகுந்தது. அகழ்ந்த மண்ணும் வீணாகவில்லை. அதனைக் கொட்டி நிரப்பியே வில்லிங்டன் தீவு உருவாக்கப்பெற்றது.

இந்நகரைக் காண்பார் நீர்வழியே செல்லுதல் நன்று. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மின்கலத்தால் இயங்கும் ‘வாட்டர் மெட்ரோ’ படகுகள் ஓடுகின்றன. அவை கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே செய்யப்பெற்றவை. படகுத்துறையின் தளம் நீரோடு உயர்ந்து தாழும்படி மிதக்கிறது; ஆதலின் முதியோரும் குழந்தைகளும் அச்சமின்றி ஏறலாம்.

கோட்டைக் கொச்சியின் கரையில் நிற்பவை சீனவலைகள். சீனரே கொணர்ந்தனர் என்பாரும், மக்காவு நகரிலிருந்து போர்த்துகீசியர் கொணர்ந்தனர் என்பாரும் உளர். நீண்ட மரங்களின் ஒரு முனையில் வலை. மறு முனையில் கயிறுகளில் தொங்கும் கற்கள். நம் நாட்டு ஏற்றம் போன்றதே இதன் இயக்கம். நால்வர் ஐவர் கூடிக் கயிற்றை இழுத்தால் வலை நீரினின்றும் எழும். எழுந்த வலையில் பெரும்பாலும் சிறு மீன்களே துள்ளும். மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை மிதந்து வந்து வலையில் சிக்கும். படம் எடுப்போர்க்கு அது காட்சி. இழுப்போர்க்கு அன்றைய கூலி.

அருகே புனித பிரான்சிசு தேவாலயம் உளது. 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமா அங்கே அடக்கம் செய்யப்பெற்றார். பின்னர் அவர்தம் எச்சங்கள் போர்த்துகலுக்குக் கொண்டு செல்லப்பெற்றன. மட்டாஞ்சேரி அரண்மனையோ 1555இல் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னர்க்கு அளித்தது. டச்சுக்காரர் பழுது பார்த்தமையால் ‘டச்சு அரண்மனை’ என்னும் பெயர் பெற்றது. அதன் சுவர்களில் உள்ள இராமாயண ஓவியங்களை நின்று காணல் வேண்டும்.

அன்பர்களே, இவற்றினும் என் நெஞ்சைக் கவர்ந்தது வேறொன்று. மட்டாஞ்சேரி வந்தேறிகளின் ஊர். கோவாவினின்றும் வந்த கொங்கணியர்க்கு ஒரு திருக்கோயில். குசராத்தியர்க்கு ஒரு தெரு. யூதர்க்கு ஒரு வீதி. பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நமக்கு அவ்வூர் உறவினர் வீடு போன்றது.

யூதர் வீதியின் முடிவில் 1568இல் எழுந்த தொழுகைக்கூடம் நிற்கிறது. தரையெங்கும் சீனத்து நீலவண்ண ஓடுகள். மேலே கண்ணாடி விளக்குகள். 1968இல் அதன் நானூறாம் ஆண்டு விழாவிற்குப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரே வந்திருந்தார். ஆயின் 1948இல் இசுரேல் நாடு தோன்றிய பின், யூதருள் மிகப் பலர் அந்நாட்டிற்குக் குடிபெயர்ந்தனர். முழு வழிபாடு நிகழ்த்தப் பதின்மர் ஆடவர் கூட வேண்டும் என்பது அவர்தம் மரபு. கூடம் இன்றும் துலங்குகிறது. அவ்வூரில் வாழும் யூதருள் அப்பதின்மர் இலர்.

சென்றவர் கையோடு கொண்டு சென்றது யாது? கொச்சி யூதப் பெண்கள் திருமணத்திலும் திருநாளிலும் மலையாளப் பாடல்களைப் பாடி வந்தனர். அவற்றைக் குறிப்பேடுகளில் தம் கையாலேயே எழுதி வைத்தனர். அவ்வேடுகள் அவர்களோடு கடல் கடந்தன. அறிஞர் அவற்றைத் தொகுத்தனர். இசுரேலிலும் அப்பாடல்கள் ஒலித்தன. கட்டடம் இங்கே தங்கிற்று. பாட்டு அவர்களுடன் சென்றது.

கோட்டைக் கொச்சியில் ‘தோபி கானா’ என்னும் சலவைத்துறை ஒன்று உண்டு. அங்குத் தொழில் செய்வோர் தமிழர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுக்கத் தம் முன்னோர் தமிழகத்தினின்றும் அழைத்து வரப்பெற்றனர் என்பது அவர்களின் வழிவழிச் செய்தி. வரிசையாக அமைந்த துவைக்கும் தொட்டிகள், கஞ்சியிட்ட துணிகள், தேங்காய்ச் சிரட்டைக் கரியால் சூடேறும் இசுதிரிப் பெட்டிகள். இரு கயிறுகளை முறுக்கி அவற்றின் இடையே துணியைச் செருகி உலர்த்துகின்றனர். காற்றடித்தாலும் துணி பறப்பதில்லை. பல தலைமுறை கடந்தும் தமிழ் அங்கே வீட்டுமொழியாக வாழ்கிறது. சங்கக் கட்டடமோ ஆண்டு மலரோ அன்று. கூடிச் செய்யும் தொழிலும் அடுப்பங்கரைப் பேச்சுமே அதனைக் காத்தன.

நம் பிள்ளைகளும் வேலை தேடி இக்குடியிருப்பைவிட்டுச் செல்வர். அதனைத் தடுப்பது இயலாது, தடுத்தலும் முறையன்று. அவர்களோடு செல்லக் கூடியதை நாம் ஆக்கித் தருதல் வேண்டும். தாய்மார்களே, உங்கள் தாலாட்டையும் நலங்குப் பாட்டையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பீர்களாக. தந்தையரே, வீட்டில் பிள்ளைகளோடு தமிழில் உரையாடுவீர்களாக. சங்கத்து ஞாயிறு வகுப்பில் பதின்மர் பிள்ளைகள் தவறாது அமர்ந்தால், இம்மண்டபம் கட்டிய செலவு பலித்தது என்பேன்.

கொச்சிக்குச் செல்வோர் கார்த்திகை முதல் மாசி வரை செல்க. ஆனியில் சென்றால் மழைதான் வரவேற்கும். தொழுகைக்கூடம் சனிக்கிழமைகளில் திறவாது என்பதனையும் நினைவிற் கொள்க. சலவைத்துறைக்குச் சென்றால் தமிழில் நலம் கேளுங்கள். தமிழிலேயே விடை வரும்.